படிப்பு: பத்தாவது

ராயபுரம்
12 ஜூன் 2024

செங்கொடி,

போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். வாட்ஸ்அப்பில் உன் முகம் போய் வெறும் வட்டம் நிற்கிறது. சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வியாசர்பாடிக்கு வந்தேன். "அவ இல்லம்மா" என்றார் உங்க அம்மா. உன் செருப்பு வாசலில் கிடந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. அதனால்தான் பத்தாவது பரீட்சையில் 'தோழிக்குக் கடிதம்' எழுதியதற்குப் பிறகு முதல் தடவையாக இன்லாண்டு கேட்டு போஸ்ட் ஆபீசில் நின்றேன். இன்லாண்டு பத்தாது என்று கவரும் வாங்கினேன்.

எண்ணூர் கரி யார்டில் அன்றைக்கு நடந்ததை நீ முழுசாகப் பார்க்கவில்லை, கரி ஓடும் பெல்ட் பக்கம் சாம்பிள் எடுக்கப் போயிருந்தாய். நான் சொல்கிறேன், கேள். ஆடிட்டுக்கு வந்த அதிகாரி லேப் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். சூப்பர்வைசர் பாலகணேஷ் சார் கரிச் சாம்பல் கணக்கில் க்ரூசிபிள் கிண்ணத்தின் எடையைக் கழிக்காமல் எழுதி வைத்திருந்தாரே, நீ திருத்தினாயே, அந்தப் பக்கம். "இதை யார் திருத்தினது?" என்றார். "ஹெல்பர் பொண்ணு சார், தெரியாம..." என்று பாலகணேஷ் இழுத்தார். அதிகாரி சிரித்தார். "ஹெல்பர் தப்பா எழுதினா கிறுக்கி மை பூசி வைப்பாங்க. இங்க பாருங்க, ஒரே கோடு, மேல சரியான நம்பர், பக்கத்துல இனிஷியல், தேதி. இது லேப்ல படிச்ச கை" என்றார்.

எனக்கு அப்படியே பூரித்துப் போயிற்று, செங்கொடி. நம்ம ஆளை ஒருத்தர் அடையாளம் கண்டுவிட்டாரே என்று வாய் நிற்கவில்லை. "எங்க செங்கொடி சார். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, காலேஜ் ஃபர்ஸ்ட்" என்றேன். சத்தியமாக உன்னை கெமிஸ்ட் ஆக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இருந்த கெமிஸ்ட் ஓடிப்போய் மூன்று வருஷம் ஆகிறது, அந்த இடம் காலியாகத்தானே இருக்கிறது? டெஸ்ட் எல்லாம் நாம் செய்ய, பாலகணேஷ் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

சாயங்காலம்தான் கேட்டில் உன் பாஸைப் பிடுங்கினார்கள் என்று தெரிந்தது. 'படிப்பை மறைத்து வேலையில் சேர்ந்தது மோசடி' என்று தாள் கொடுத்தார்களாம். என்ன கொடுமை இது! கம்மியாய்ப் படித்துவிட்டு அதிகமாய்ச் சொன்னால்தானே மோசடி?

திட்டு. நாலு வார்த்தை அசிங்கமாகக்கூடத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே. உன் டிபன் பாக்ஸ் லாக்கரில் இருந்தது, எடுத்து வந்து கழுவி வைத்திருக்கிறேன்.

ஜானட்


வியாசர்பாடி
18 ஜூன் 2024

ஜானட்,

உன் கடிதம் வந்தது. கவரின் மேல் 'செங்கொடி, எம்.எஸ்சி.' என்று எழுதியிருந்தாய். தபால்காரர் கீழே நின்று "எம்.எஸ்சி. செங்கொடி யாரும்மா?" என்று பிளாக் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். மேல்மாடியிலிருந்து ஒரு அக்கா, "இப்பதான் வேல பூட்ச்சே, இனிமே எம்.எஸ்சி.னு சொல்லிக்கலாம்" என்றாள். நீ ஒரு தடவை சொன்னது போதாதா? இன்னொரு தடவை என் பேருக்குப் பின்னால் அந்த எழுத்து வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு கான்ட்ராக்டரின் ஆள் வீட்டு விலாசம் சரிபார்க்க வருகிறான் என்றதும் எங்கள் வீட்டில் என்ன செய்தோம் தெரியுமா? நான் கறுப்பு அங்கி போட்டு நிற்கிற பட்டமளிப்புப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தோம். அந்த இடம் மட்டும் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. நைனா ஓடிப்போய் சாத்தாங்காடு இரும்புக் கடை காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் மாட்டினார். என் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் பத்தாவது என்று சொல்லச் சொல்லி அம்மா பக்கத்து வீடுகளில் கெஞ்சினாள். அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் இருந்த படம் அது. மூன்று வருஷமாக அங்கே காலண்டர்தான் தொங்குகிறது.

இதையெல்லாம் யார் சொல்லிச் செய்தோம்? "டிகிரிய வூட்லயே வெச்சிட்டு வாங்க. பத்தாவது மார்க் ஷீட் மட்டும் குடுங்க. படிச்ச புள்ளைங்கன்னா யூனியன் வெப்பாங்க, நல்ல வேல கெடச்சா ஓடிருவாங்கன்னு ஓனர் எடுக்க மாட்டாரு" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னது யார்? உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான் பாலகணேஷ் சொன்னார். ஆடிட் அன்றைக்கு அதே மனிதர், ஐயோ ஏமாந்துவிட்டேனே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இனி நீ பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான். என் படிப்பைச் சொன்ன வாயால் உன் படிப்பை ஏன் சொல்லவில்லை? நீ பி.டெக். கெமிக்கல். அதிகாரி உன் எதிரில்தான் நின்றார். 'நானும் படித்தவள் சார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. மூன்று வருஷம் போயிற்று, ஜானட். நேற்று மணலியில் ஒரு லேபுக்குப் போனேன். "அனுபவம் இருக்கா?" என்றார்கள். நிலக்கரிச் சாம்பல், ஈரம், எரிதிறன் எல்லாம் தினமும் செய்தேன் என்றேன். "பேப்பர் காட்டுங்க" என்றார்கள். என் பேப்பரில் 'ஹெல்பர், திறன் இல்லாத வேலை' என்று இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். நான் என்ன வேலை செய்தேன் என்று உண்மையைச் சொல்கிற தாள்.

டிபன் பாக்ஸை நீயே வைத்துக்கொள்.

செங்கொடி


ராயபுரம்
25 ஜூன் 2024

செங்கொடி,

கவரில் வெறும் பேர் மட்டும் எழுதியிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே.

நீ கேட்டதற்கு ஒரு வாரமாகப் பதில் தேடினேன். பயம். அவ்வளவுதான் பதில். உன்னைப் பற்றிச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது, என்னைப் பற்றி நினைத்ததும் குனிந்து சாம்பிள் பையைக் கட்டத் தொடங்கிவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எங்க வீட்டை உனக்குத் தெரியும். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டிய காலத்தில் ஒரு கப்பலுக்குக் கும்பல் கும்பலாக ஆள் இறங்குமாம். இப்போது கன்டெய்னர் வந்த பிறகு ஒருத்தன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுகிறான், அந்தக் கூண்டுக்கும் கான்ட்ராக்ட்தான். தம்பி நோயல் கப்பல் படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருஷமாக மும்பை ஏஜென்ட் போனுக்குக் காத்திருக்கிறான். குளிக்கப் போனாலும் போனைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறான். சிரிப்பாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது. இந்த வீட்டில் மாசம் பிறந்தால் சம்பளம் கொண்டு வருகிறவள் நான் ஒருத்திதான்.

யார்டில் இப்போது உன் வேலையையும் சேர்த்து நானே செய்கிறேன். காலையில் ஃபர்னஸ் அடுப்பைப் போட்டு, சாம்பிளை இடித்து, சலித்து, எடை போட்டு, ரிப்போர்ட் எழுதி முடிப்பதற்குள் நாக்கு தள்ளிவிடுகிறது. பாலகணேஷ் ஏ.சி. ரூமில் குந்திகினு "ரெடியாம்மா?" என்று கேட்கிறார். அவருக்கு ஃபர்னஸ் கதவைத் திறக்கவே பயம்.

இன்னொரு சேதி. உன் விஷயத்துக்குப் பிறகு கான்ட்ராக்டர் உஷாராகிவிட்டார். நம்ம செக்‌ஷன் ஆள் எல்லாரும் ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டுமாம். என்ன ஃபார்ம் என்று இன்னும் காட்டவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி இங்கே பேதுரு திருவிழா. போன வருஷம் நாம் இருவரும் தேர் பார்த்துவிட்டு மீன் வறுவல் தின்றோமே. இந்த வருஷம் நான் போகப் போவதில்லை.

ஜானட்


வியாசர்பாடி
1 ஜூலை 2024

ஜானட்,

பயம் என்று ஒப்புக்கொண்டாய். அதற்காக இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

நான் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வக்கீல் லியாகத் அலி பாய் எழுதிக் கொடுத்தார். ஹார்பர் தொழிலாளர் வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். இரண்டே கோரிக்கை. என்னைத் திரும்ப எடுக்க வேண்டும், மூன்று வருஷம் நான் செய்தது பரிசோதகர் வேலை என்று எழுதித் தர வேண்டும். "ரெண்டாவதுதான் அவனுக்கு வலிக்கும்மா" என்றார் பாய். "உன்னொருத்திக்கு எழுதிக் குடுத்தா எல்லாருக்கும் எழுதிக் குடுக்கணும். திறன் இல்லாத ஆளுன்னு காட்டி எடுத்த கான்ட்ராக்டு முழுசும் ஆட்டம் கண்டுடும்" என்றார்.

பேச்சுவார்த்தை ஜூலை 22, திங்கட்கிழமை காலை, தேனாம்பேட்டை. கான்ட்ராக்டர் ஏற்கெனவே பதில் போட்டுவிட்டார். நான் படிப்பை மறைத்து அவரை ஏமாற்றினேனாம், லேபில் நான் பாட்டில் கழுவினேனாம். பாட்டில்!

வெள்ளிக்கிழமை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் நேர்காணல். பேப்பரைப் பார்க்கும்வரை நன்றாகப் பேசிய பெண் விலாசத்தைப் பார்த்ததும், "வியாசர்பாடியா? அங்கேருந்து டைமுக்கு வந்துடுவீங்களா?" என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான், அவனை அந்தக் கேள்வி கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் கோபமாகவே உட்கார்ந்திருந்தேன். கோபம் நல்லதுதான், அழுகை வருவதில்லை.

நீ சாட்சிக்கு வா என்று நான் கேட்கவில்லை. தேதியை மட்டும் சொல்கிறேன். இன்னொன்று, அந்த ஃபார்ம் என்னவென்று படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

செங்கொடி


ராயபுரம்
6 ஜூலை 2024

செங்கொடி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதலில் இதைச் சொல்லிவிட்டால் மீதியை எழுத முடியும் என்று தோன்றியது. படித்துப் பார்த்துத்தான் போட்டேன், அதுதான் கொடுமை. கடிதத்தைக் கிழித்துவிடாதே, நடந்ததைக் கேள்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் எங்கள் ஏழு பேரையும் சாம்பிள் ரூமில் நிற்க வைத்தார் பாலகணேஷ். ஆளுக்கு ஒரு தாள். முழுக்க இங்கிலீஷ். "ஐ.டி. கார்டு ரெனிவலுக்கு. ஒண்ணுமில்ல, சும்மா கீழ ஒரு கையெழுத்து" என்றார். நாங்கள் எல்லாரும் தாளைக் கையில் வாங்கிக் குனிந்தோம். முதல் பத்தி, நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. இரண்டாவது பத்தி, நான் உதவியாளர் வேலையைத் தவிர வேறு எந்த வேலையும் எந்த நாளும் செய்ததில்லை, அப்படி எதையும் பிற்காலத்தில் உரிமை கொண்டாட மாட்டேன். யாரும் பேனாவை எடுக்கவில்லை.

அப்போது வால்டர் அண்ணன் இருக்கிறாரே, சாக்கு தைக்கிறவர், அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா எழுதிகீது? எனுக்கு இங்கிலீசு தெரியாதே" என்றார். உடனே ஆறு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தோம்! நான் ஒரு பக்கம், சிவந்தி ஒரு பக்கம், வெற்றி ஒரு பக்கம். 'பிற்காலத்தில் உரிமை' என்கிற இடத்தில் ஆறு குரலும் ஒன்றாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பாலகணேஷ் கூரையில் ஃபேனைப் பார்த்தார்.

வால்டர் அண்ணன் விடவில்லை. "அடப்பாவிங்களா, பத்தாவதுல இவ்ளோ இங்கிலீசு சொல்லித் தராங்களா? நான் எட்டாவது. மெய்யாலுமே எட்டாவது. அப்போ இங்க நெசத்த எழுதிக் குடுத்து வேலைக்கு வந்தவன் நான் ஒருத்தன்தானா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது.

ஆனாலும் போட்டோம். "கையெழுத்துப் போடாதவங்க நாளைக்கு வர வேணாம்" என்றார் பாலகணேஷ். வால்டர் அண்ணன் மட்டும், "ரெண்டாவது பத்தி எனுக்கு ஒத்து வரல சார். நானு சாக்கும் தைக்கிறேன், வண்டியும் தள்றேன், கரண்டு போனா ஜெனரேட்டரும் போடறேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணனை வெளியே அனுப்ப பாலகணேஷுக்குத் தைரியம் இல்லை, அவர் இல்லாமல் சாக்கு தைக்க ஆளில்லை.

பஸ் ஸ்டாப்பில் வந்துதான் எல்லாரும் வாயைத் திறந்தோம். சிவந்தி பி.காம். மற்ற மூன்று பேரும் ஏதோ ஒரு டிகிரி. பெல்ட்டுக்குக் கீழே கரி அள்ளுகிற வெற்றி பி.இ. மெக்கானிக்கல், செங்கொடி! அந்த பெல்ட் நிற்கும்போதெல்லாம் ஏன் நின்றது என்று தெரிந்தும் சொல்லாமல் மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். "சொன்னா எப்டி தெரியும்னு கேப்பாங்களேக்கா" என்றான். மூன்று வருஷம் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம், யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியவில்லை.

இனி நீ என்னைத் திட்டினாலும் நியாயம்.

ஜானட்


வியாசர்பாடி
10 ஜூலை 2024

ஜானட்,

நீ கையெழுத்துப் போட்டது தப்பு. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஆனால் வால்டர் அண்ணன் கேட்ட கேள்வியைப் படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு லியாகத் பாய் வீட்டுக்கு ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "பத்தாவது படிச்ச ஆளுங்களுக்கு எதுக்குமா இங்கிலீஷ்ல ஃபார்ம்? படிக்கத் தெரிஞ்சவங்கன்னு தெரிஞ்சே குடுத்தான்னா, பத்தாவதுன்னு எழுதினது அவனுக்கே தெரிஞ்ச பொய், தெரியாதவங்கன்னா இது ஏமாத்து. எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கினான்" என்றார்.

நேற்று பாலகணேஷ் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனுவை வாபஸ் வாங்கினால் திங்கட்கிழமையே வேலையாம். அதே ஹெல்பர் வேலை, அதே ஃபார்மில் கையெழுத்து. அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். காலண்டருக்குக் கீழேதான் பாலகணேஷ் உட்கார்ந்திருந்தார். முடியாது என்றேன். "யோசிச்சு சொல்லும்மா, வெளியே உன்ன மாதிரி ஆயிரம் எம்.எஸ்சி. சும்மா கீது" என்றார். அது உண்மைதான். அதனால்தான் முடியாது என்றேன். இன்றைக்கு நான் அதில் கையெழுத்துப் போட்டால் அந்த ஆயிரம் பேரும் நாளைக்கு வேலைக்கு வரும்போது டிகிரியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைக்கிறாள்.

போன கடிதத்தில் கேட்கவில்லை என்று எழுதினேன். இப்போது கேட்கிறேன். 22ஆம் தேதி வா. உன் டிகிரியை எடுத்துக்கொண்டு வா. முடிந்தால் மற்றவர்களையும் அழைத்து வா. உன் வேலை போகலாம். போகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

செங்கொடி


ராயபுரம்
16 ஜூலை 2024

செங்கொடி,

வருகிறேன்.

அப்பாவிடம் சொன்னபோது முதலில் எகிறினார். "வேல கெடைக்காத ஊர்ல கெடச்ச வேலைய உட்டுட்டு கோர்ட்டு கச்சேரின்னு பேஜாரு பண்ணிகினு கீறியா? வாய மூடிகினு இரு" என்றார். நோயல் போனைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். நான் செல்லில் படம் எடுத்து வைத்திருந்த அந்த ஃபார்மைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தி வந்ததும், "நிறுத்து. திரும்பப் படி" என்றார். படித்தேன்.

"மூணு வருஷம் நீ செஞ்ச வேலைய நீயே செய்யலன்னு எழுதிக் குடுத்தியா?" என்றார். கோபம் கான்ட்ராக்டர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. "நான் தூக்கின ஒவ்வொரு லோடுக்கும் கையெழுத்துப் போட்டவன்டி. ஒண்ணு கூட நான் தூக்கலன்னு எவனாவது சொன்னா சட்டையப் புடிச்சிருப்பேன்" என்றார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தபோது, "எத்தினி மணிக்குப் போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

என் டிகிரி ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டோடு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. எடுத்தேன். ஓரத்தில் பூச்சி கொஞ்சம் அரித்திருக்கிறது, பேரும் பட்டமும் பத்திரமாக இருக்கிறது.

சிவந்தி வருகிறாள். வெற்றி வருகிறான். மற்ற மூன்று பேருக்கும் வீட்டில் சம்மதமில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், போன வாரம்வரை நானும் அங்கேதான் நின்றேன். வால்டர் அண்ணன், "அன்னிக்கு எனுக்கு வார லீவு. ஏ.சி. போட்ட ஆபீசுன்னா வரேன்" என்கிறார். மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்கு நாங்கள் மூன்று பேரும் திரும்பிவிட வேண்டும், பாயிடம் சொல்லி எங்கள் வாக்குமூலத்தை முதலில் எடுக்கச் சொல்.

இந்தக் கவரின் பின்பக்கத்தைப் பார்த்தாயா? அனுப்புநர் விலாசத்தில் 'ஜானட் சிலுவைமுத்து, பி.டெக்.' என்று எழுதியிருக்கிறேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. பழக்கம் விட்டுப்போயிற்று, அதனால்தான் 'டெக்' கோணலாக இருக்கிறது.

ஜானட்


ராயபுரம்
23 ஜூலை 2024

செங்கொடி,

நேற்று உன்னிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. அந்த ஆபீஸ் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாயே, அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. தொழிலாளர் அதிகாரி என் படிப்பைக் கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். மறைக்கச் சொன்னது யார் என்றார். பாலகணேஷைக் காட்டினேன். அவர் குனிந்துகொண்டார்.

வாக்குமூலம் கொடுத்துவிட்டு விழுந்தடித்துக்கொண்டு எண்ணூருக்கு ஓடினோம். ஒன்றே முக்காலுக்கு கேட்டில் நின்றோம். என் பாஸை வைத்ததும் மெஷினில் சிவப்பு. சிவந்திக்கும் சிவப்பு. வெற்றிக்கும் சிவப்பு. செக்யூரிட்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். "போன் வந்துச்சும்மா. உங்க மூணு பேரையும் உள்ள விட வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்றேன். அவரால் முடியாது. சரி, வந்தோம் என்பதற்காவது அத்தாட்சி வேண்டும் என்று பார்வையாளர் ரிஜிஸ்டரைக் கேட்டேன். பேர் என்ற இடத்தில் 'ஜானட், பி.டெக்.' என்று எழுதினேன். வந்த காரணம் என்ற இடத்தில் 'வேலை செய்ய' என்று எழுதினேன். நேரம் போட்டேன். சிவந்தி எழுதினாள். வெற்றி எழுதும்போது தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஒரே கோடாக அடித்து, மேலே சரியாக எழுதி, இனிஷியல் போட்டான். அதைப் பார்த்து மூன்று பேரும் கேட்டில் நின்றபடி சிரித்தோம். செக்யூரிட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த மாசம் எப்படி ஓடும் என்று தெரியவில்லை. ஆனால் வாக்குமூலம் கொடுத்ததற்காக வருத்தம் துளிகூட இல்லை. நாங்கள் கிளம்பிய பிறகு அங்கே என்ன நடந்தது? அப்பா வாசலிலேயே குந்திகினு கீறார், தபால்காரர் வந்தாரா என்று கேட்டுக்கொண்டு.

ஜானட்


வியாசர்பாடி
26 ஜூலை 2024

ஜானட்,

நீங்கள் போன பிறகு கான்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, இவர்கள் எல்லாரும் ஒரு செட்டு, பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார். அதிகாரி வால்டர் அண்ணனைப் பார்த்து, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எட்டாவது சார். நானு டெஸ்ட்டு பத்தி இன்னா சொல்றது? ஆனா ஒண்ணு. மூணு வருசமா நான் கட்டின சாம்பிள் மூட்டைய இந்தப் பொண்ணு கையிலயும் ஜானட்டு கையிலயும்தான் குடுத்துகினு இருந்தேன். அந்த சார் கையில ஒரு தபா கூடக் குடுத்ததில்ல. அவரு சட்டையில என்னிக்காவது கரி ஒட்டியிருந்துதான்னு கேட்டுப் பாருங்க" என்றார். அதிகாரி பாலகணேஷைப் பார்த்தார். பாலகணேஷ் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

முடிவு வரவில்லை. கான்ட்ராக்டர் அவகாசம் கேட்டார், அடுத்த அமர்வு ஆகஸ்ட் 12. ஆனால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அதிகாரி ஒரு வரி எழுதியிருக்கிறார். 'செங்கொடி, ஜானட் ஆகிய இருவரும் மூன்றாண்டுகளாக நிலக்கரிப் பரிசோதனைப் பணி செய்துவந்ததாகச் சாட்சிகள் ஒருமுகமாகக் கூறினர்.' நகல் வாங்கிவிட்டேன். அதைப் பத்துத் தடவை படித்தேன், ஜானட். நாம் இருவரும் என்ன வேலை செய்தோம் என்று எழுதப்பட்ட முதல் தாள் அது. இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறோம், மீதியையும் நடப்போம்.

பேச்சு நடக்கும்போதே சாட்சி சொன்னவர்களைக் கேட்டில் நிறுத்தியது தனிப் புகாராகிறது. நீ எடுத்த ரிஜிஸ்டர் படத்தைப் பாய் கேட்கிறார். மற்ற மூன்று பேரும் நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து தங்கள் பேரையும் சேர்க்கச் சொன்னார்களாம். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம்.

இனி முக்கியமான விஷயம். நேற்றுக் காலை என் போன் அடித்தது. பாலகணேஷ். நீ எடுக்கவில்லையாம், சிவந்தியும் எடுக்கவில்லையாம். மூன்று நாளாகச் சாம்பல் ரிப்போர்ட் போகவில்லை, ரிப்போர்ட் இல்லாமல் கரி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கம்பெனி கத்துகிறதாம். அழாத குறையாக, "ஃபர்னஸ எத்தன டிகிரில வெக்கணும்? அத மட்டும் சொல்லிடும்மா" என்றார்.

எனக்கு அந்த எண் நன்றாகத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது.

"சார், நான் பத்தாவது. எனுக்கு இன்னா சார் தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பக்கத்தில் நின்ற அம்மா சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு மேல் பேசாதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தானாகவே கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் படத்தை எடுத்துத் துடைத்தாள். நைனா காலண்டரைக் கழற்றினார்.

உன் நம்பரை இப்போதுதான் திறந்தேன். ஆனால் போன் பண்ணாதே. கவரின் மேல் உன் பேருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதியிருக்கிறேன், உங்கள் தெருவில் தபால்காரர் அதைச் சத்தமாகப் படிக்கட்டும், உங்க அப்பா வாசலிலிருந்து கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நேரில் வா. இந்தத் தடவை என் செருப்பும் வாசலில் இருக்கும், நானும் இருப்பேன்.

ஜெய்பீம்.

செங்கொடி, எம்.எஸ்சி.